வெளியில் வாங்கிப் பூட்டிய சைலன்சர் தொல்லை தந்தால் என்ன செய்வது?

ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கிறது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது எங்கோ தகரம் அதிர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சைலன்சரை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட்டின் போல்ட் தானாகத் தளர்ந்துவிடுகிறது. பைக்கோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றைப் பூட்டியவருக்கு இந்தத் தொல்லைகளில் ஒன்றாவது வந்து சேரும். புதியவர்கள் அப்போது சைலன்சரைத் தயாரித்தவரைத் திட்டுவார்கள், அல்லது இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்துவதற்குப் பணம் செலவழிப்பார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். இதுவரை என் கைக்கு வந்த வண்டிகளில், குறை சைலன்சருக்குள் இருந்ததைவிட, அதைப் பூட்டிய விதத்தில் இருந்ததே அதிகம். ஆகவே முதலில் கசிவைத் தேட வேண்டும், அடுத்துப் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும், பிறகு சைலன்சரின் உள்ளே பார்க்க வேண்டும், கடைசியாகத்தான் பெட்ரோல் கலவையில் கைவைக்க வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

தொடங்குவதற்கு முன்

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் வளைந்த குழாயான பெண்ட் பைப், ஓடி நின்ற வண்டியில், தொட்டால் தோலை உரித்துவிடும் சூட்டில் வெகுநேரம் இருக்கும். நிறம் மாறாமல் இருப்பதால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. சோதனைக்காக இன்ஜினை ஓட்டும்போது வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய அறையில் புகை வழியாகச் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவுள்ள வண்டியை நாம் முகத்தை அருகில் வைத்துத்தான் ஆராய்கிறோம் என்பதால் இந்த எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

கருவிகளில் பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. அளவான ஸ்பேனர்கள், சிறிய டார்க் ரெஞ்ச், ஸ்பிரிங் இழுக்கும் கொக்கி, கைவிளக்கு, சோப்பு நீர் அடைத்த தெளிப்பான், அரை மீட்டர் ரப்பர் குழாய் ஆகியவை போதும். இவற்றோடு, கழற்றி வைத்த பழைய சைலன்சரும் கைவசம் இருக்க வேண்டும். அதைவிட நம்பகமான சோதனைக் கருவி வேறில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெண்ட் பைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பின்பகுதியை மட்டும் மாற்றுவது ஸ்லிப் ஆன். இன்ஜின் வாயிலிருந்து கடைசி முனைவரை எல்லாவற்றையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம். முதல் வகையில் தொல்லை பெரும்பாலும் நடு இணைப்பிலும் பிராக்கெட்டிலும் தோன்றும். இரண்டாவது வகையில் இன்ஜின் வாயில் உள்ள கேஸ்கட்டும் (இணைப்பை அடைக்கும் வளையம்) ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரையாணி) அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

முதல் படி: சத்தத்தைக் கேட்டு எழுதி வைத்தல்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வண்டியை ஓட்டி, சத்தம் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் வாய்ப்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சில நிமிடங்களில் அடங்கிவிட்டால், அது கேஸ்கட் இணைப்பில் உள்ள சிறு கசிவாக இருக்கக்கூடும். சூட்டில் உலோகம் விரிந்ததும் அந்த இடைவெளி அடைபடுகிறது. சூடான பிறகும் அதே சத்தம் தொடர்ந்தால் கசிவு பெரியது, அல்லது அது கசிவே அல்லாமல் இன்ஜின் வால்வுப் பகுதியிலிருந்து வரும் டாப்பெட் சத்தமாக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே, சூட்டில் படாதவாறு நகர்த்திப் பாருங்கள். கசியும் இடத்துக்கு நேரே வந்ததும் காற்று சீறும் ஒலி சட்டென்று உரக்கக் கேட்கும். டாப்பெட் சத்தம் அப்படிப் புள்ளி வைத்ததுபோல் ஓரிடத்தில் குவியாது.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தகரம் அதிர்ந்தால், சூட்டுத் தடுப்புத் தகடு, ஸ்பிரிங், உட்குழாய் ஆகிய மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் சத்தம் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தால், உள்ளே சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ்வுல் எரிந்து தீர்ந்து வருகிறது என்று பொருள்.

இரண்டாம் படி: கசிவைக் கண்டுபிடித்தல்

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஏன் வெடிக்கிறது என்று புரிந்துகொண்டால் இந்தப் படியின் அவசியம் விளங்கும். இன்ஜினிலிருந்து வரும் புகை சீரான ஓட்டமாக வருவதில்லை. துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணங்கள் உண்டு. அப்போது, இணைப்பில் முடியளவு இடைவெளி இருந்தாலும் போதும், வெளியிலிருந்து காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியோடு இந்தக் காற்று சூடான குழாய்க்குள் கலந்து எரிவதுதான் நாம் கேட்கும் வெடிச்சத்தம்.

புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் கதை இன்னும் சுற்றி வளைந்தது. சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், உறிஞ்சப்பட்ட வெளிக்காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பார்த்து, இன்ஜினில் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும். பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான காற்று, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு. இந்த விகிதத்தைக் காக்க முயலும் வண்டியின் கணினியான ஈசியூ, சென்சாரின் பொய்யை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். ஸ்பார்க் பிளக் கரி படியும், மைலேஜ் விழும், வண்டி மந்தமாகும். கலவையைத் திருத்தப் புறப்படுபவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார். ஓட்டை கேஸ்கட்டில் இருக்கிறது, அவரோ கணினியில் தேடிக்கொண்டிருக்கிறார்.

கசிவுக்கு நேரடிச் சாட்சி கரி. இணைப்புகளைச் சுற்றியும் வெல்டிங் ஓரங்களிலும் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், கசியும் இடத்தில் விசிறி விரித்ததுபோல் கறுப்புப் படிவு தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஆறிய வண்டியில், காற்று ஊதும் கருவி ஒன்றை சைலன்சர் முனையில் துணி சுற்றி வைத்து, குறைந்த அழுத்தத்தில் உள்ளே ஊதவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளியுங்கள். நுரை கொப்பளிக்கும் இடத்தில் கசிவு உள்ளது. நடு இணைப்பில் ஓரிரு குமிழிகள் வருவது பெரிய குற்றமில்லை; இன்ஜின் வாயில் ஒன்றுகூட வரக்கூடாது.

என் வண்டியில் இதைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் கலவையைத் திருத்தும் கருவி ஒன்றை வாங்கிப் பூட்டி, வெடிச்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தேன், பெட்ரோல் செலவை நிறையக் கூட்டியிருந்தேன். கடைசியில் பெண்ட் பைப்பைக் கழற்றி, விளக்கடித்துப் பார்த்தபோது, இன்ஜின் வாய்க்குள் கரி பூசிய ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அந்தத் துவாரத்தின் சொந்த விளிம்பைப் போலவே இருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரின் முனையால் ஓரத்தைச் சுரண்டியதும் கரிக்கு அடியில் செம்பு மினுங்கியது. அது பழைய கேஸ்கட். பூட்டியவர் அதை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருந்தார். இரண்டும் சேர்ந்து குழாயை இன்ஜினோடு பிடிக்கும் தகடான ஃபிளாஞ்சை ஒரு பக்கம் தூக்கலாக நிறுத்தியிருந்தன. பழையதை நெம்பி எடுத்து, ஒரே ஒரு புதிய கேஸ்கட்டைப் போட்ட அன்றே வெடிச்சத்தம் நின்றது. கலவைக் கருவி இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

மூன்றாம் படி: கழற்றி மீண்டும் பூட்டுதல்

கசிவு எங்கே இருந்தாலும், முழுவதையும் தளர்த்தி முறையாக மீண்டும் பூட்டுவதே நல்லது. ஒரு நட்டை மட்டும் பலமாக இறுக்கிச் சமாளித்தால் அழுத்தம் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும்.

இன்ஜின் வாயிலுள்ள ஸ்டட் நட்டுகளைக் கழற்றுவதுதான் இதில் ஆபத்தான கட்டம். பல ஆண்டுச் சூட்டிலும் ஈரத்திலும் அவை இறுகிப்போயிருக்கும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். கழற்றும்போது ஒரே திசையில் வலிந்து திருப்பாமல், கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். ஸ்பேனர் ரப்பர்போல் மீளும் உணர்வு கைக்கு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அடுத்த அழுத்தத்தில் ஒடியும். அலுமினிய ஹெட்டுக்குள் ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது புதியவரின் வேலையன்று. அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

பூட்டும்போது, புதிய கேஸ்கட்டோடு பெண்ட் பைப்பை வைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பின்பகுதியைச் செருகுங்கள். பிராக்கெட் போல்ட்டை அதன் துளையில் விட்டுப் பாருங்கள். இந்த நிலையில் எதையும் இறுக்கியிருக்கக் கூடாது. பிராக்கெட் துளையும் ஃபிரேம் துளையும் தாமாக நேருக்கு நேர் வர வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் வேறெதையும்விட முக்கியமாகச் சொல்வேன். சைலன்சரைத் தோளால் முட்டி நெம்பினால்தான் போல்ட் நுழைகிறது என்றால், அந்த நெம்பல் இரவும் பகலும் ஏதோ ஒரு வெல்டிங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த வெல்டிங் ஒருநாள் விரியும், அல்லது போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். இடைவெளி சில மில்லிமீட்டர் என்றால் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் பிராக்கெட் தவறாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. அதை விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. துளை பொருந்தாமல் நிற்பதை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நேராக நின்ற பிறகு, இன்ஜின் வாயிலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முதலில் ஃபிளாஞ்ச் நட்டுகளை மாறி மாறி, ஒன்றுக்கு அரைச் சுற்று மற்றொன்றுக்கு அரைச் சுற்று என்று, ஃபிளாஞ்ச் இரு பக்கமும் சமமாக அமரும்படி இறுக்குங்கள். அடுத்து நடு கிளாம்ப். பிராக்கெட் போல்ட் கடைசி. பலர் சைலன்சர் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பிராக்கெட்டை முதலில் இறுக்கிவிடுகிறார்கள். அதன்பின் முன்பக்கம் சமமாக அமர வழியே இல்லை. இறுக்கும் அளவுக்கு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. ஆறு மில்லிமீட்டர் நட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 10 நியூட்டன் மீட்டர் என்பது, 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ எடை தொங்குவதற்குச் சமம் என்று நினைவில் வையுங்கள். நாம் கைக்கு வந்தபடி இறுக்குவது அதைவிட எவ்வளவோ கூடுதல்.

ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் சாதாரண சிலிக்கான் பசையைத் தடவாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். கேஸ்கட் சரியாக இருந்தால் அங்கே பசைக்கு வேலையும் இல்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், குழாய் முழுவதையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கைரேகையின் எண்ணெய்ப் பசை சூட்டில் வெந்து எஃகிலும் டைட்டானியத்திலும் நிரந்தரக் கறையாகிவிடும். பிறகு வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, அதே வரிசையில் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். புதிய கேஸ்கட் முதல் சூட்டில் சற்றே நசுங்கி அமர்வதால், நட்டுகள் கொஞ்சம் இடம் கொடுக்கும். நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை பார்த்துவிட்டால் அநேகமாக அதன்பின் தளராது.

நான்காம் படி: ஸ்பிரிங், புஷ், இடைவெளி

நடு இணைப்பை போல்ட்டால் இறுக்காமல் ஸ்பிரிங்கால் பிடித்திருப்பதைப் பார்த்து, செலவைக் குறைக்கச் செய்த வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒரு மீட்டர் நீளம் இருந்து, 400 டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். டைட்டானியம் அதில் பாதி அளவுதான் நீளும். இந்த நீட்சிக்கு எங்காவது இடம் கொடுத்தாக வேண்டும். ஸ்பிரிங் அந்த இடத்தைக் கொடுக்கிறது. ஸ்பிரிங் அதிர்ந்து சத்தமிட்டால், அதன்மேல் சூடு தாங்கும் சிலிக்கான் உறையைப் போட்டால் அடங்கும். கம்பியைச் சுற்றிக் கட்டி அதை அசையவிடாமல் செய்துவிடாதீர்கள். ஸ்பிரிங்கை மாட்டும்போது கொக்கி நழுவினால் அது நேராக முகத்துக்கு வரும் என்பதால், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

பிராக்கெட்டில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். சில மலிவான சைலன்சர்களில் அது இருக்காது. உலோகம் உலோகத்தோடு நேராக இறுக்கப்பட்டிருக்கும். இன்ஜினின் அதிர்வு முழுவதையும் அந்த ஒரு வெல்டிங்கே தாங்கவேண்டியிருப்பதால், விரிசல் அங்கேதான் முதலில் விழும். பழைய சைலன்சரின் புஷ் பொருந்தினால் அதையே எடுத்துப் போடலாம்.

இடைவெளிகளைப் பார்ப்பதற்கு ஒருவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, சஸ்பென்ஷனை அமுக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சைலன்சரைத் தொடக்கூடாது. பிரேக் ஹோஸ், ஒயர்கள் எதுவும் குழாயின் அருகில் தொங்கக்கூடாது. பலரும் கவனிக்காத ஒன்று சென்டர் ஸ்டாண்ட். பல வண்டிகளில் ஸ்டாண்ட் மேலே மடங்கும்போது முட்டி நிற்பதற்கான ரப்பர், பழைய சைலன்சரின் அடியில்தான் இருக்கும். புதிய சைலன்சரில் அது இல்லையென்றால் ஸ்டாண்ட் இன்னும் மேலே ஏறி, செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ தட்டும். சைலன்சர் அதிர்கிறது என்று என்னிடம் வந்த நண்பர் ஒருவரின் வண்டியில், உண்மையில் தட்டிக்கொண்டிருந்தது அந்த ஸ்டாண்ட்தான்.

ஐந்தாம் படி: உள்ளே பார்த்தல்

சைலன்சரைக் கழற்றி, குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று கேட்டால் உட்குழாயின் வெல்டிங் விட்டிருக்கிறது. ரப்பர் சுத்தியலால் உடல் முழுவதும் தட்டிப் பாருங்கள். கிளாஸ்வுல் நிறைந்த இடத்தில் ஒலி மந்தமாகவும், தீர்ந்துபோன இடத்தில் காலி டப்பாபோலவும் கேட்கும். பஞ்சு தீர்ந்துவிட்டால் சத்தம் மட்டும் கூடுவதில்லை. வெளித்தகடு நேரடியாகச் சூடேறிப் பெயின்ட் கருகும்.

ரிவெட் அடித்த வகை என்றால், அவற்றைத் துளையிட்டு எடுத்து, பஞ்சை மாற்றிக்கொள்ளலாம். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கண்ணாடி இழைகள் தோலிலும் தொண்டையிலும் நாள்கணக்கில் உறுத்தும். துளையுள்ள உட்குழாயைச் சுற்றிப் பஞ்சைச் சீராகச் சுற்றுங்கள். அமுக்கி அமுக்கித் திணித்தால் ஒலியை உறிஞ்சும் இடமில்லாமல் போகும், தளர்வாக விட்டால் புகையோடு சேர்ந்து விரைவில் வெளியேறிவிடும். முழுவதும் வெல்டிங் செய்து மூடிய வகையில் இந்த வழி இல்லை.

முனையில் செருகியிருக்கும், சத்தத்தைக் குறைக்கும் துண்டான டிபி கில்லரின் போல்ட்டையும் மாதம் ஒருமுறை பாருங்கள். அது தளர்ந்து, ஓடும் வண்டியிலிருந்து தெறித்தால் பின்னால் வருபவர் பாடு திண்டாட்டம். சத்தத்துக்காக அதை வேண்டுமென்றே கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்று சைலன்சர்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 92-இன்படி அங்கீகாரம் பெற்ற சைலன்சரில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த முத்திரை இருக்கும். டிபி கில்லரோடு சேர்த்து அங்கீகரிக்கப்பட்ட சைலன்சரில், அதைக் கழற்றியதும் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை.

விரிசல் கண்டால்

விரிசல் மேல் பசையைப் பூசுவது அடுத்த ஊர்வரை போய்ச் சேர மட்டுமே உதவும். நிலையான வழி ஆர்கான் வெல்டிங். விரிசலின் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டால் அது மேற்கொண்டு ஓடாது. அதன்பின் வெல்டிங் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் வெளிப்பக்கம் மட்டுமன்றிக் குழாயின் உட்பக்கமும் ஆர்கான் நிரப்பிச் செய்பவரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் உட்பக்கம் சர்க்கரை படிந்ததுபோல் பொரிந்துபோய், அதே இடம் மறுபடி விரியும். சைலன்சரை வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுபோங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த குழாயை வெல்டிங்குக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வெப்பத்தில் உண்டாகும் ஃபாஸ்ஜீன் உயிர்கொல்லி வாயு. விரிசல் பிராக்கெட் அருகே என்றால், வெல்டிங் முடிந்ததும் மூன்றாம் படிக்குத் திரும்பி, நெம்பல் இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டு வெல்டிங் மட்டும் செய்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் வரும்.

கடைசிப் படி: கலவையும் பழைய சைலன்சரும்

கசிவில்லை, பொருத்தம் சரி, உள்ளேயும் பழுதில்லை, ஆனாலும் வண்டி திணறுகிறது என்றால், இப்போது பழைய சைலன்சரை எடுத்துப் பூட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். தொல்லை அப்படியே தொடர்ந்தால் குற்றவாளி புதிய சைலன்சர் அல்ல. ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். தொல்லை நின்றால், புதிய சைலன்சருக்கு ஏற்பக் கலவையைத் திருத்த வேண்டியது உண்மையே. கார்பரேட்டர் என்றால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை மாற்றுவது, இன்ஜெக்ஷன் என்றால் ஈசியூ திருத்தம். ஸ்லிப் ஆனுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சேர்த்து நீக்கிய ஃபுல் சிஸ்டத்துக்கு அநேகமாகத் தேவைப்படும். அந்த நீக்கம் பல நாடுகளில் சட்டவிரோதம் என்பதையும் மறக்க வேண்டாம். மெல்லிய பட்பட் ஓசை மட்டும் மிச்சம் என்றால் விட்டுவிடலாம். தடையற்ற சைலன்சரில் அது இயல்பு.

துளை பொருந்தாத பிராக்கெட், இரண்டாம் முறையும் விரிந்த வெல்டிங், மூடிய உடலுக்குள் கழன்ற உட்குழாய் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்தச் சைலன்சரோடு மேலும் போராட வேண்டாம் என்பது என் கருத்து. படங்களோடு விற்றவரிடம் செல்லுங்கள், அதுவரை பழையதைப் பூட்டி ஓட்டுங்கள். அதனால்தான் பழைய சைலன்சரை விற்றுவிடாமல், உள்ளே ஈரம் இல்லாமல் சூடாக்கி ஆறவைத்து, வாயில் துணியடைத்து வைக்கச் சொல்கிறேன். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். திரும்பப் பூட்டும் நாளில் அந்தத் துணியை எடுக்க மறந்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையே என்று அரைமணி நேரம் உதைத்தவர்களில் நானும் ஒருவன்.